15 வயதுப் பையன் வீடு புகுந்தால்: வழக்கா, டைவர்ஷனா, நாமே தீர்ப்பதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரபேங்க் பக்கம் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி ஏதோ ஒரு நாள் வந்துவிடுகிறது. ராத்திரி ஒருவன் வீட்டுக்குள் புகுந்தான். செல்போன், கேட் மோட்டார், சாமி அறையில் இருந்த வெள்ளி விளக்கு என்று கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனான். தண்ணீர் குடிக்க எழுந்த ஆயா (வீட்டுப் பாட்டி) இருட்டில் அவனை நேருக்கு நேர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. போலீஸ் ஆளைப் பிடித்தது. பார்த்தால் 15 வயது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டுப் பையன். அப்புறம் ஒரு நாள் பிராசிக்யூட்டர் (அரசு வழக்கறிஞர்) அலுவலகத்திலிருந்து போன் வருகிறது. பையனை டைவர்ஷனுக்கு அனுப்பலாம் என்று யோசிக்கிறோம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? டைவர்ஷன் என்றால், வழக்கை நிறுத்திவைத்துவிட்டுப் பையனுக்குச் சில கட்டளைகளை விதிப்பது.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. பள்ளியில் வேலை பார்த்தவன் என்பதால் இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் என்னிடம் வந்து பேசுவார்கள். அப்படிக் கேட்டவற்றைச் சேர்த்து ஓர் உதாரணமாக வைத்திருக்கிறேன். அந்தப் போனுக்கு நாம் சொல்லும் பதிலுக்கு உண்மையாகவே எடை உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் சைல்ட் ஜஸ்டிஸ் ஆக்ட் (குழந்தைகள் மேலான குற்ற வழக்குகளுக்கான சட்டம்) குற்றங்களை மூன்று அட்டவணைகளாகப் பிரிக்கிறது: சிறு திருட்டு போன்றவை முதலாவது, வீடு புகுதல் போன்றவை இரண்டாவது, கொலை, பாலியல் வன்முறை, ஆயுதம் காட்டிக் கொள்ளையடிப்பது போன்றவை மூன்றாவது. இரண்டாவது அட்டவணைக் குற்றங்களில் முடிந்தவரை பாதிக்கப்பட்டவரின் கருத்தையும் கேட்டுத்தான் டைவர்ஷன் பற்றிப் பிராசிக்யூட்டர் முடிவெடுக்கவேண்டும். முடிவு அவருடையது. ஆனால் நாம் சொல்வது காற்றோடு போவதில்லை. அதனால் கோபத்தில் வந்த முதல் பதிலைச் சொல்வதற்கு முன், எந்த வழி யாருக்கு என்ன தரும் என்று பார்த்துவிடுவது நல்லது.

இழப்பு வேறு, பொறுப்பு வேறு

ஆயாவைப் பயமுறுத்தியவன் சின்னப் பையன் என்பதால் அவருடைய பயம் பாதியாகிவிடாது. இழப்பு முழு இழப்புதான். ஆனால் அந்த இழப்புக்குப் பையன் எந்த அளவுக்குப் பொறுப்பாளி என்பது இன்னொரு கணக்கு. இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வீட்டுக்குள்ளேயே சண்டை வருகிறது. சித்தப்பா ஒருவர் “பாவம், சின்னப் பையன், விட்டுடுங்க” என்கிறார். அவர் ஆயாவின் இழப்பை அழித்துவிடுகிறார். அண்ணன் ஒருவர் “தப்பு தப்புதான், உள்ளே தள்ளு” என்கிறார். அவர் வயதை அழித்துவிடுகிறார். இரண்டு பேருமே பாதிதான் சரி.

வயது ஏன் பொறுப்பைக் குறைக்கிறது? இரக்கத்தால் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் பார்ப்பது அதை விடக் கூர்மையானது. ஒரு குழந்தைக்குக் குற்றம் செய்யும் தகுதி இருந்ததா என்று தீர்மானிக்க தென்னாப்பிரிக்கச் சட்டம் இரண்டு விஷயம் கேட்கிறது. செய்தது தப்பு என்று அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தபடி தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்ள அவனால் முடிந்ததா? முதலாவதற்கு ஏழு வயதுப் பிள்ளைகூட ‘ஆமாம்’ என்று சொல்லும். இரண்டாவதில்தான் எல்லாமே இருக்கிறது. திருடுவது தப்பு என்று எந்தப் பையனுக்குத் தெரியாது? ராத்திரி ஒரு மணிக்கு, தன்னை விடப் பெரிய மூன்று பேர் பக்கத்தில் நிற்கும்போது, ‘நான் வரல’ என்று சொல்லும் பலம் அவனுக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி. கூட்டாளிகளுக்கு முன்னால் மூளை வேறு மாதிரி வேலை செய்யும் வயது அது. தன்னை அடக்கிக்கொள்ளும் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று மூளையைப் படிப்பவர்கள் சொல்கிறார்கள். வகுப்பில் தனியாக உட்காரவைத்துப் பேசினால் கண் கலங்குகிற பையன், கூட்டத்தில் சேர்ந்ததும் ஆளே மாறிப்போவதைப் பார்க்காத ஆசிரியர் கிடையாது.

இந்த நாட்டில் எல்லை எங்கே என்பதும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய சட்டத்தில் 7 வயது ஆகிவிட்டால் வழக்குப் போட வழி இருந்தது. 2010இல் அது 10 ஆனது. 2022 ஆகஸ்ட் 19 முதல் 12. இப்போது 12 முடிந்து 14 ஆகாத பிள்ளைக்குக் குற்றத் தகுதி இல்லை என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இருந்தது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது அரசின் வேலை. 14க்கு மேல் தகுதி உண்டு என்று எடுத்துக்கொள்ளும். அப்படியானால் நம் 15 வயதுப் பையன் பொறுப்பாளிதான், தப்பிக்க முடியாது. ஆனால் 35 வயதுக்காரன் அளவுக்குப் பொறுப்பாளி அல்ல. குறைவான பொறுப்பு என்றால் பொறுப்பே இல்லை என்று அர்த்தமில்லை. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வழிகளைப் பார்ப்போம்.

நாமே தீர்த்துக்கொள்வது

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது இதுதான். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பையனின் அப்பா பணம் கொண்டுவந்து கொடுப்பார், கோயில் கமிட்டியில் பெரியவர் ஒருவர் நடுவில் உட்காருவார், புகாரைப் பற்றி யாரும் மறுபடி பேசமாட்டார்கள். இரண்டாவது, தெரு ஆட்கள் பையனைப் பிடித்து அடித்து, அதைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள்.

பணம் கொடுத்து முடிப்பதில் பையன் எங்கே இருக்கிறான்? பெரும்பாலும் அந்த அறையிலேயே இல்லை. அப்பா தலைகுனிகிறார், அப்பா கொடுக்கிறார், அப்பா மன்னிப்புக் கேட்கிறார். பையன் சுகர்ஸ் பிடிப்பவனாக இருந்தால் இது இன்னும் மோசம். மலிவான ஹெராயின் கலவையான அந்தச் சனியன் சாட்ஸ்வொர்த்துக்குள் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எத்தனையோ வீட்டைக் காலி செய்துவிட்டது. அதற்கு அடிமையான ஒரு பிள்ளைக்கு அப்பா கட்டிய பணத்தால் எதுவும் மாறாது. அடுத்த வாரம் வேறு வீட்டு கேட் மோட்டார் போகும்.

அடிப்பதைப் பற்றிப் பேச நம் பெரியவர்களுக்கு ஒரு பழமொழி தயாராக இருக்கிறது: அடியாத மாடு படியாது. அந்தக் காலத்தில் கோர்ட்டிலேயே பிரம்படி கொடுத்தார்கள், நாலு அடியில் சரியாகிவிட்டான் என்பார்கள். உண்மைதான், கொடுத்தார்கள். 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்களுக்கு ஏழு அடி வரை கொடுக்கச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. 1995 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பயஸ் லாங்கா. அரசே ஒரு பிள்ளையைக் குனியவைத்து அடித்தால், வன்முறைதான் தீர்வு என்று அரசே கற்றுக்கொடுப்பதாக ஆகிவிடும் என்பது அதன் சாரம். நான் பார்த்தவரை அடி வாங்கிய பையன் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: அடுத்த தடவை மாட்டக்கூடாது. போதாக்குறைக்கு, அடித்தவர்கள் மேலேயே வழக்கு வரும்.

படத்தைப் பரப்புவதைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். 18 வயது ஆகாதவர் குற்றம் சாட்டப்பட்டிருந்தால் அவர் யார் என்று தெரியும்படி எதையும் வெளியிடுவது குற்ற நடைமுறைச் சட்டப்படி தவறு. 18 முடிந்த மறுநாளே அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்று சிலர் வாதிட்டார்கள். 2019 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அதையும் மறுத்துவிட்டது, பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் அதே பாதுகாப்பைத் தந்தது. கேமராவில் பதிவானதைப் போலீஸிடம் கொடுங்கள். குரூப்பில் போடாதீர்கள்.

ஆக, இந்த வழியை நான் ஒதுக்கிவிடுகிறேன். ஆயாவுக்கும் இதில் ஒன்றும் கிடைப்பதில்லை.

டைவர்ஷன்: பெயரளவுக்கும் உண்டு, உண்மையாகவும் உண்டு

டைவர்ஷன் என்றால் ‘விட்டுவிடுவது’ என்று நம் ஆட்களிடம் ஒரு நினைப்பு. கோபம் வருவதும் அதனால்தான். நடப்பது இப்படி. கைதான பிள்ளையை முதலில் ப்ரொபேஷன் ஆபீசர் (பிள்ளையின் நிலைமையைப் பார்த்து அறிக்கை எழுதும் சமூகப் பணியாளர்) பார்த்துப் பேசுவார். 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் முன்விசாரணை நடக்கவேண்டும், பெற்றோர் வரவேண்டும். அங்கே பையன் தானாகவே, யாரும் நெருக்காமல், ‘நான் செய்தேன்’ என்று பொறுப்பேற்றால், ஆதாரமும் இருந்தால், அவனும் பெற்றோரும் சம்மதித்தால், வழக்கை நிறுத்திவைத்துவிட்டுச் சில கட்டளைகளை விதிப்பார்கள். வாய்வழியாகவோ எழுத்திலோ மன்னிப்பு, திருடிய பொருளைத் திருப்புவது, நஷ்ட ஈடு, சமூக வேலை, பள்ளிக்குக் கட்டாயம் போவது, குறிப்பிட்ட இடத்துக்குப் போகாமல் இருப்பது, குடும்பத்தோடு குறிப்பிட்ட நேரம் இருப்பது, ஆலோசனை அல்லது சிகிச்சை என்று பட்டியல் நீளமானது. கொஞ்சம் பெரிய குற்றமென்றால், 14க்கு மேற்பட்டவருக்கு இந்தக் கட்டளைகள் 48 மாதம் வரை நீளலாம். நான்கு வருஷம். அதை ‘விட்டுவிட்டார்கள்’ என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் எல்லா டைவர்ஷனும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சில சனிக்கிழமைகளில் ஒரு ஹாலில் உட்கார்ந்து, வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டு, ஒரு பக்கம் மன்னிப்புக் கடிதம் எழுதி முடித்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. கடிதம் ஆயாவின் கைக்குக்கூடப் போயிருக்காது. அது எனக்குப் போதாது. உங்களுக்கும் போதாது.

உண்மையான டைவர்ஷன் எது என்று கேட்டால் நான் குடும்பக் கூட்டத்தைக் காட்டுவேன். சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. பையன், அவன் பெற்றோர், பாதிக்கப்பட்டவர், அவருக்குத் துணையாக வீட்டு ஆட்கள், நடுவில் அதை நடத்தித்தருபவர். கட்டளை வந்த 21 நாளுக்குள் இதைக் கூட்டவேண்டும். ஆயா வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வந்தால் அவர் பேசலாம், கேட்கலாம். ‘எங்க வீட்டை ஏன் பார்த்தே? நான் தனியா இருப்பேன்னு உனக்கு யார் சொன்னா? விளக்கு எங்கே?’ இந்தக் கேள்விகளுக்குக் கோர்ட்டில் பதில் கிடைக்காது. அங்கே வக்கீல் பேசுவார், பையன் வாயை மூடிக்கொண்டிருப்பது அவன் உரிமை. இங்கே அவன் அந்த முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியாகவேண்டும். அங்கே பேசியதைப் பிறகு அவனுக்கு எதிரான சாட்சியமாகக் கொண்டுவர முடியாது என்பதால் அவனுக்கு உண்மையைச் சொல்லவும் வழி இருக்கிறது. கடைசியில் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்யவேண்டும் என்று ஒரு திட்டம் எழுதப்படும். செய்யாவிட்டால் வழக்கு திரும்பி வரும். முன்பு பொறுப்பேற்றுச் சொன்னதை அப்போது அவனுடைய ஒப்புதலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

15 வயதுக்காரனுக்கு ஜெயிலை விட இது கஷ்டம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஜெயிலில் அவன் தன்னையே பாதிக்கப்பட்டவனாக நினைத்துக்கொள்ளலாம். ஆயாவின் எதிரில் உட்கார்ந்து அப்படி நினைக்க முடியாது.

அதனால் பிராசிக்யூட்டர் கேட்கும்போது ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கூட்டம் வைப்பீர்களா, எப்போது, நஷ்ட ஈட்டில் பையன் தன் உழைப்பால் கொடுப்பது எவ்வளவு, போதைக்குச் சிகிச்சை உண்டா, கட்டளையை நிறைவேற்றினானா என்று கண்காணிப்பது யார், எங்களுக்கு யார் சொல்வார் என்று கேளுங்கள். நிக்ரோ என்ற அமைப்பு 1910இலிருந்து இந்த நாட்டில் குற்றவாளிகளின் மறுவாழ்வுக்காக வேலை செய்கிறது. பிள்ளைகளுக்கான டைவர்ஷன் வேலையைச் சட்டம் வருவதற்கு வெகு முன்பே, 90களின் தொடக்கத்தில் ஆரம்பித்தவர்கள். எந்த அமைப்பின் எந்தப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று பெயர் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வழக்கு நடத்தினால்

‘கேஸ் போட்டு உள்ளே தள்ளணும்’ என்று நினைக்கும் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டிய ஒன்று: வீடு புகுந்த முதல் தடவைக்காரனான 15 வயதுப் பையனை ஜெயிலுக்கு அனுப்புவது ஏறக்குறைய நடக்காத காரியம். இரண்டாவது அட்டவணைக் குற்றத்துக்குச் சிறை விதிக்க வலுவான சிறப்புக் காரணங்கள் வேண்டும். தீர்ப்பு நாளில் 14 வயது ஆகாத பிள்ளைக்குச் சிறையே விதிக்க முடியாது. ப்ரொபேஷன் ஆபீசரின் அறிக்கை இல்லாமல் யாரையும் சிறைக்கோ பராமரிப்பு மையத்துக்கோ அனுப்பவும் முடியாது. சாசனத்தின் 28ஆம் பிரிவு, குழந்தையை அடைத்துவைப்பது கடைசி வழியாகத்தான் இருக்கவேண்டும், அதுவும் முடிந்த அளவு குறுகிய காலத்துக்கு என்று கட்டளையிடுகிறது.

அப்படியானால் மாதக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்து, ஆயாவைச் சாட்சிக் கூண்டில் நிற்கவைத்துக் குறுக்குக் கேள்விகளைத் தாங்கவைத்து, கடைசியில் கிடைப்பது என்ன? சமூக வேலை, கண்காணிப்பு, ஒத்திவைத்த தண்டனை, சில நேரம் அதே குடும்பக் கூட்டம். டைவர்ஷனில் கிடைத்திருக்கக்கூடியது, தாமதமாக, பையன் மேல் ஒரு குற்றப் பதிவோடு சேர்ந்து வருகிறது. அந்தப் பதிவு அவனுக்கு வேலை கிடைப்பதைக் கெடுக்கும். வேலை இல்லாத 20 வயதுக்காரன் அதே தெருவில்தான் நிற்பான்.

வழக்குத்தான் சரி என்று நான் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. பையன் தான் செய்யவே இல்லை என்றால் வழக்கு நடந்தே ஆகவேண்டும்; அது அவனுடைய உரிமை. ஏற்கனவே டைவர்ஷன் கொடுத்து அதை உதறியவன் என்றால், இன்னொரு முறை அதையே கொடுப்பது ஆயாவுக்குச் செய்யும் அநியாயம். உடம்பில் கைவைத்திருந்தால், கத்தி எடுத்திருந்தால், பாதிக்கப்பட்டவரை அவன் வீட்டார் மிரட்டினால், அங்கேயும் வழக்கு. பின்னால் பெரியவன் ஒருவன் இருந்தால் அந்தப் பெரியவன் மேல் கட்டாயம். திருடிய போனை வாங்குகிறவன், சுகர்ஸ் விற்கிறவன், ‘நீ மைனர், உன்னை ஒண்ணும் செய்யமாட்டாங்க’ என்று சொல்லி அனுப்புகிறவன். பிள்ளைகளைக் குற்றத்துக்குப் பயன்படுத்தும் பெரியவர்களைப் பற்றிப் போலீஸுக்குத் தகவல் போகவேண்டும் என்று சைல்ட் ஜஸ்டிஸ் ஆக்டில் தனிப் பிரிவே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நம் கோபம் முழுக்க 15 வயதுக்காரன் மேல் போய்விடுவதால் லாபம் அந்தப் பெரியவனுக்குத்தான்.

உயிர் போன வழக்குகள்

இதுவரை சொன்னது பொருள் போன வழக்குக்கு. ஓர் உயிர் போயிருந்தால், ஒரு பெண் சிதைக்கப்பட்டிருந்தால், இதே பேச்சை அந்தக் குடும்பத்தின் முன்னால் பேச யாருக்கும் வாய் வராது. வரவும் கூடாது. அங்கே முன்னால் இருப்பது பராமரிப்பு மையமா, சிறையா, எத்தனை வருஷம் என்பதுதான்.

குழந்தைகள் பராமரிப்பு மையத்தில் கட்டாயமாக ஐந்து வருஷம் வரை, அல்லது 21 வயது வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை வைக்கலாம். மிகக் கடுமையான குற்றமென்றால், அதற்கு அப்புறம் அனுபவிக்கச் சிறைத் தண்டனையும் சேர்த்தே விதிக்கலாம். மையத்தில் காலம் முடிந்ததும் கோர்ட் மறுபடி பார்த்து, சிறை தேவையா இல்லையா என்று தீர்மானிக்கும். இந்த இரண்டு கட்ட முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 16 வயதில் அவன் எப்படி மாறுவான் என்று எந்த நீதிபதிக்கும் தெரியாது. 21 வயதில் தெரியும். நேரடியாகச் சிறை என்றால் உச்சம் 25 வருஷம். ஆயுள் தண்டனை குழந்தைக்குக் கிடையாது. வைக்கும்போதும் 18க்கு மேற்பட்டவர்களோடு சேர்த்து வைக்கக்கூடாது.

இந்தக் கடைசி விதிக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 1992இல் மேற்கு கேப்பின் ராபர்ட்சன் ஊரில், கடை புகுந்து தின்பண்டம் திருடியதாகப் பிடிபட்ட 13 வயதுப் பையன் ஒருவனை, போலீஸ் லாக்கப்பில் கூட இருந்த பெரிய பையன்கள் அடித்தே கொன்றார்கள். மிட்டாய்க்கும் சிப்ஸுக்கும் விலையாக ஒரு பிள்ளையின் உயிர். 1994 மே மாதம் நெல்சன் மண்டேலா நாடாளுமன்றத்தில் பேசியபோது, சிறைகளில் கிடக்கும் பிள்ளைகளை மீட்கவேண்டும், இளம் குற்றவாளிகள் விஷயத்தில் குற்ற வழக்கு முறையே கடைசி வழியாகத்தான் வரவேண்டும் என்றார். அடுத்த வருஷம் ஜூன் 16 அன்று, 1976இல் சொவெட்டோ மாணவர்கள் சுடப்பட்ட அதே தேதியில், ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை நாடு ஏற்றது.

நம் மாகாணத்திலேயே நடந்த ஒரு வழக்கு இந்தத் தராசின் இரண்டு தட்டையும் காட்டும். குவாசூலு-நட்டாலில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி, இரண்டு ஆண்களை வைத்துத் தன் பாட்டியையே கொல்லச் செய்தாள். விசாரணை நீதிமன்றம் தண்டனையைத் தள்ளிவைத்து, 36 மாதம் கண்காணிப்பில் இருக்கச் சொன்னது. அரசுத் தரப்பு இது மிகக் குறைவு என்று மேல்முறையீடு செய்தது. உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்று, ஏழு வருஷச் சிறை விதித்து, அதை முழுவதும் நிறுத்திவைத்து, கண்காணிப்பை அப்படியே தொடரவிட்டது. குற்றத்தின் பாரம் தீர்ப்பில் தெரியவேண்டும், பிள்ளை உள்ளே போகவும் கூடாது என்று இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கப் பார்த்த தீர்ப்பு. படித்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பாட்டியின் உயிருக்கு ஏழு வருஷம், அதுவும் காகிதத்தில். அப்புறம் யோசித்தால், 12 வயதுப் பிள்ளைக்கு வேறு எது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே காரியத்தை 17 வயதுக்காரன் திட்டமிட்டுச் செய்திருந்தால் சிறைதான் சரி என்று தயங்காமல் சொல்வேன்.

இந்த இரண்டு பதிலும் வேறு வேறாக இருக்க இடம் வேண்டும். அந்த இடத்தை மூடத்தான் நாடாளுமன்றம் 2007இல் பார்த்தது: 16, 17 வயதினருக்கும் பெரியவர்களுக்கான குறைந்தபட்சத் தண்டனைகளைப் பொருத்தியது. 2009 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. நீதிபதி எட்வின் கேமரன் எழுதிய தீர்ப்பு, பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பவே கூடாது என்று சொல்லவில்லை. அனுப்புவதற்கு முன் அந்தப் பிள்ளையைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்கிறது. தண்டனையைச் சட்டப் புத்தகமே முன்கூட்டி எழுதிவைத்துவிட்டால் நீதிபதி யாரைப் பார்ப்பார்?

இந்தியா வேறு பாதையில் போனது. 2012 டெல்லிக் கொடுமைக்குப் பின், அதில் ஈடுபட்ட 17 வயதுக்காரனுக்கு மூன்று வருஷத்துக்கு மேல் கொடுக்க வழியில்லை என்று மக்கள் கொதித்தார்கள். 2016 ஜனவரியில் நடப்புக்கு வந்த சட்டம், கொடிய குற்றம் செய்த 16 முதல் 18 வயதுக்காரரைப் பெரியவராகவே விசாரிக்க வழி செய்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது. மூன்று வருஷ உச்சவரம்பு குறைவுதான். ஆனாலும் அவனைப் பெரியவன் என்று பெயர் மாற்றுவதற்குப் பதில், குழந்தைக்கான நீதிமன்றத்திலேயே 25 வருஷம் வரை அதிகாரத்தைக் கொடுத்துவைத்திருக்கும் தென்னாப்பிரிக்க ஏற்பாடுதான் நேர்மையானது என்று எனக்குப் படுகிறது. செயல் எவ்வளவு கொடியதானாலும் 16 வயது 16 வயதுதான்.

மகன் பிடிபட்டால்

கடைசியாக, இரண்டு தெரு தள்ளி இருக்கும் அந்த வீட்டுக்கு. அந்த அம்மாவும் நம் அம்மாதான், அவரும் முடிவெடுக்கவேண்டியிருக்கிறது.

டைவர்ஷன் கிடைக்கிறது என்றதும் “சீக்கிரம் ஒத்துக்கடா, வீட்டுக்குப் போயிடலாம்” என்று பிள்ளையைத் தள்ளாதீர்கள். செய்திருந்தால் ஒத்துக்கொள்ளட்டும். செய்யாததை ஒத்துக்கொண்டு, பிறகு ஏதோ காரணத்தால் கட்டளையை முடிக்காமல் விட்டால், அந்த ஒப்புதல் அவன் கழுத்தைச் சுற்றும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் லீகல் எய்டை (அரசின் சட்ட உதவியை) கேளுங்கள். வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால், வக்கீல் வேண்டாம் என்று பிள்ளையே சொன்னாலும் சட்டம் ஏற்காது. முன்விசாரணைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். வெட்கத்தில் வீட்டுக்குள் இருந்த அப்பாக்களை எனக்குத் தெரியும். யாரும் வராத பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்று மாஜிஸ்திரேட்டுக்கும் தெரியாமல் போகும். அப்போதுதான் அவன் உள்ளே இருக்க நேர்கிறது. ப்ரொபேஷன் ஆபீசர் கேட்டால் போதைப் பழக்கத்தை மறைக்காதீர்கள். அவர் எழுதும் அறிக்கையில் சுகர்ஸ் இல்லை என்றால் கட்டளையில் சிகிச்சையும் இருக்காது.

அப்புறம் பதிவுகள். டைவர்ஷன் என்பது முன்குற்றமாகக் கணக்கில் வராது. கட்டளையை முடித்து, வேறு குற்றத்தில் சிக்காமல் இருந்தால் 21 வயதில் அந்தப் பதிவும் அழிக்கப்படும். வழக்கு நடந்து குற்றவாளி என்று தீர்ப்பானால் கதை வேறு. முதல் அட்டவணைக் குற்றத்துக்கு ஐந்து வருஷமும், இரண்டாவதற்குப் பத்து வருஷமும் கழித்து, இடையில் அதே மாதிரியோ அதைவிடப் பெரியதோ எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதிருந்தால், பதிவை அழிக்கும்படி நீதித் துறைக்கு எழுதிக் கேட்கலாம். கேட்டால்தான் அழிப்பார்கள். தீர்ப்பு நாளின் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, தாள்களை ஒரு கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். முதல் வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்கும் வரை காத்திருக்காமல் நாள் வந்ததும் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.